மீண்டு வரும் குருதியும் முதிர்ந்த இதயமும்

ஏரிகள் நிறைந்த வடக்குப்பட்டு வட்டாரம் அறிந்த உண்மை இது: வறண்டு வெடித்த பழங்கரையைப் புதுவெள்ளமே உடைக்கும். இதயமும் அத்தகையதே. அடைப்பு நீங்கியதும் பாய்ந்துவரும் குருதியே தசைச் செல்கள் சிலவற்றை மாய்க்கிறது.

1986-இல் அமெரிக்க அறிஞர் மர்ரி, ஜென்னிங்ஸ், ரைமர் ஆகியோர், நாய்களின் இதயத் தமனியை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்தனர். அதன்பின் நேர்ந்த 40 நிமிட அடைப்பின் சேதம் கால்பங்காகக் குறைந்தது. சிறுதுயர் பெருந்துயர்க்குப் பயிற்சியாயிற்று.

முதிர்ந்த இதயமோ இப்பயிற்சியின் பயனைப் பெரிதும் இழக்கிறது. முதிய எலிகளில் உடற்பயிற்சி அதை மீட்டதென 2000-இல் இத்தாலிய ஆய்வொன்று காட்டிற்று. மனிதர்க்கு உறுதியான காப்பு மருந்து இன்னும் வாய்க்கவில்லை. எனினும் வெள்ளத்திற்கு அஞ்சி மதகை அடைத்தல் ஆகாது. அடைப்பு நீடித்தால் தசையே மடியும். நெஞ்சுவலி கண்ட முதியோரை விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே இன்றுள்ள பெருங்காப்பு.