தூரம் அளக்கும் காமிரா

கைப்பேசிக்குள்ளேயே காமிரா அமைந்துவிட்ட இந்நாளில், பிலிம் சுருளை இட்டுப் படம் பிடிக்கும் பழைய காமிராவைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் இளைஞர் சிலர் இன்று அத்தகைய காமிராக்களைத் தேடி வாங்குகின்றனர். அவர்களுள் என்னிடம் பயின்றவர்களும் உளர். எதை வாங்குவது, எவ்வாறு சோதிப்பது, எங்ஙனம் கையாள்வது என்று அவர்கள் கேட்கின்றனர். அவர்களுக்கு நான் கூறிவரும் விடையையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில், ரேஞ்ச்ஃபைண்டர் என்பது யாது? இருந்த இடத்திலேயே ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள்; பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். எதிர்ச் சுவரின்மீது விரல் இடமும் வலமுமாகத் தாவுவது போலத் தோன்றும். விரலை அருகே கொணர்ந்தால் தாவல் மிகும், அகற்றினால் குறையும். ஆகவே, தாவலின் அளவிலிருந்து தொலைவைக் கணித்துவிடலாம். முக்கோணத்தின் அடிப்பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் ஏனைய பக்கங்களைக் காணலாம் என்று வகுப்பில் கற்பிக்கிறோமே, அந்தப் பாடந்தான் இது.

இக்காமிராவின் முகப்பில் இரண்டு சிறு சன்னல்கள் உண்டு. அவையே அதன் இரு கண்கள். இரண்டின் வழியாகவும் வரும் பிம்பங்கள் பார்வைத் துளையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. லென்ஸைத் திருகும்போது உள்ளே ஒரு கண்ணாடியோ முப்பட்டகமோ அசைந்து, ஒரு பிம்பத்தை நகர்த்தும். இரட்டையாகத் தெரிந்த முகம் ஒன்றாகப் பொருந்தும் கணத்தில், லென்ஸும் அம்முகத்தின் தொலைவுக்குச் சரியாக நின்றுவிடுகிறது.

இதன் வரலாறு சுருக்கமானது. ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரின் லைட்ஸ் தொழிற்சாலையில் பணிபுரிந்த ஆஸ்கர் பார்னாக் என்பவர் ஆஸ்துமா நோயால் துன்புற்றவர். கனத்த தட்டுக் காமிராவைச் சுமக்க இயலாமையால், சினிமாப் பிலிமைக் கொண்டு கையடக்கமான காமிரா ஒன்றை முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி உருவாக்கினார். அதுவே 1925-இல் லைப்ஸிக் கண்காட்சியில் லைக்கா என்னும் பெயருடன் வெளிவந்தது. தூரமானியை லென்ஸோடு இணைத்த லைக்கா 1932-இல் வந்தது. அதே ஆண்டில் ஸைஸ் ஐக்கான் நிறுவனத்தின் கான்டாக்ஸும் வந்தது. பார்வைத் துளையையும் தூரமானியையும் ஒரே சன்னலில் காட்டிய லைக்கா எம்-3, 1954-இல் பிறந்தது. சோவியத் நாட்டில் கார்க்கிவ் நகரில் ஃபெட் காமிராவும், மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்கில் ஜோர்க்கியும் லைக்காவைப் பின்பற்றிச் செய்யப்பட்டன. ஜப்பானியர் கேனன், யாஷிகா முதலியவற்றால் இவ்வகையை எளிய குடும்பங்களுக்கும் எட்டச் செய்தனர்.

இனி, வாங்கும் முறை. லைக்காவின் விலை பெரும்பாலோர்க்கு எட்டாதது. ஓய்வு பெற்றபின் நான் வாங்கியது ஜோர்க்கி-4. லைக்கா என்று பொறித்த போலிகளும் சந்தையில் உலவுகின்றன. அவற்றுள் பல ஃபெட், ஜோர்க்கிக் காமிராக்களை மாற்றிச் செய்தவை. ஆதலால் எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். லென்ஸைக் கழற்றி விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள்; சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஷட்டரை 1 வினாடிக்கு வைத்துச் செவியால் கேளுங்கள். இடையே திக்கி நின்றால் எண்ணெய் உறைந்திருக்கிறது என்று பொருள். துணித் திரையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளைகள் புலப்படும். இறுதியாக, சந்திரனையோ தொலைவிலுள்ள கோபுரத்தையோ நோக்குங்கள். லென்ஸை எல்லையின்மைக்குத் திருகி வைத்தால் இரு பிம்பங்களும் முற்றிலும் ஒன்றவேண்டும். ஒன்றாவிடில், பழுது பார்க்கும் கூலியையும் விலையோடு கூட்டிக் கணக்கிடுங்கள்.

கையாள்வதில் சில எச்சரிக்கைகள். ஜோர்க்கி, ஃபெட் வகையில் பிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பின்னரே வேகத்தை மாற்றவேண்டும். முன்னரே மாற்றினால் பொறி கெடும். பார்வைத் துளை லென்ஸின் வழியே பார்ப்பதன்று. ஆதலால் லென்ஸின் மூடியைக் கழற்றாவிடினும் காட்சி தெளிவாகவே தெரியும், பிலிமிலோ ஒன்றும் பதியாது. அருகிலுள்ள பொருளை எடுக்கையில் நாம் காண்பதும் பிலிமில் விழுவதும் சற்று வேறுபடும். லென்ஸைத் திறந்தபடி வெயிலை நோக்கி வைத்தால், பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோல் துணித்திரை பொசுங்கும். ஒளிமானி இல்லையே என்று கவலற்க. நல்ல வெயிலில் துவாரத்தை 16-இல் வைத்து, பிலிமின் வேக எண்ணுக்கு நெருங்கிய ஷட்டர் வேகத்தைக் கொள்ளுங்கள். நூறு எண் பிலிமுக்கு 1/125 வினாடி போதும். நம் ஈரக் காற்றில் காமிராவைத் தோலுறையில் அடைத்து வைப்பது பூஞ்சையை அழைப்பதாகும்.

ஒரு சுருளில் 36 படங்களே உண்டு. முன்பு உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை இந்து என்ற பெயரில் பிலிம் செய்தது. அது இன்று இயங்கவில்லை. அயல்நாட்டுப் பிலிமுக்கும் கழுவுவதற்கும் ஆகும் செலவு சிறிதன்று. அச்செலவே நம்மை ஆசிரியன்போல் கண்டித்து, எடுக்குமுன் நோக்கச் செய்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உள்ளே எழுந்து விழும் கண்ணாடி இல்லாமையால் இவ்வகைக் காமிராவின் ஓசை மெல்லியது. பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் தம் லைக்காவின் மின்னும் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மறைத்து, எவர் கண்ணிலும் படாமல் படம் எடுத்தார். காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை 1948-இல் எடுத்த அவரே, 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோதும் திருவண்ணாமலையில் இருந்தார். அடங்கிய காமிரா துயரத்தின் அருகிலும் செல்ல வல்லது. அதனாலேயே அதற்கு ஒரு பொறுப்பும் உண்டு.

என் தமக்கையார் நோயுற்றிருந்த நாளில், திண்ணையில் அமர்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். காலை வெயில் அவர் கைமீது விழுந்தது. பிம்பங்கள் இரண்டும் ஒன்றாகப் பொருந்திவிட்டன. அப்போது நிமிர்ந்து, “வேண்டாம் தம்பி, இந்தக் கோலத்தில் என்னை எடுக்காதே” என்றார். காமிராவை இறக்கினேன். அவர் திரும்பியபின் எடுத்திருந்தால் ஓசைகூடக் கேட்டிராது. மறு ஆண்டு அவர் மறைந்தார். முதுமைக் காலத்து அவர் படம் எங்கள் வீட்டில் இல்லை. அது குறித்து எனக்கு வருத்தமும் இல்லை.

ஆகவே, வாங்க விரும்பும் இளைஞர்களே, பொறியை நன்கு சோதித்து வாங்குங்கள். அது தொலைவைப் பிழையின்றி அளந்து தரும். ஒரு மனிதரை எவ்வளவு நெருங்கலாம் என்பதை அளக்கும் பொறுப்பு மட்டும் உங்களுடையதே.