சமவாய்ப்புப் பொட்டலம்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல ஆபரேஷன் தியேட்டர்ல செவிலியரா வேலை பார்த்தவள். அறுவை மருத்துவத்தைப் பத்திப் பேச உனக்கென்ன தகுதின்னு யாராவது கேட்டால், கத்தியை எடுத்து நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறேன் என்பதுதான் என் பதில். இன்றைக்கு நான் பேச வந்தது அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றி. பெயர் அலெக்ஸா கனடி. மூளை, நரம்பு அறுவை மருத்துவர். 1981இல் பயிற்சி முடித்து வெளியே வந்தபோது, அந்த நாட்டில் அந்தத் துறையின் முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

அவங்களைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி வேற மூணு பேரைச் சொல்லணும். அனார்கா, பெட்ஸி, லூசி. 1840களில் அலபாமா மாநிலம் மாண்ட்கோமரியில் அடிமைகளாக இருந்த பெண்கள். பிரசவத்தில் உள்ளே கிழிந்துபோய் சதா மூத்திரம் ஒழுகிக்கொண்டே இருக்கிற நோய் அவங்களுக்கு. ஜே. மரியன் சிம்ஸ் என்ற வெள்ளை மருத்துவர் அவங்க உடம்பில் அறுத்து, தைத்து, தவறி, மறுபடி அறுத்துக் கற்றுக்கொண்டார். 1846இல் ஈதர் மயக்கம் வந்த பிறகும் இவங்களுக்கு மயக்க மருந்து கிடையாது. அனார்காவுக்கு மட்டும் சுமார் முப்பது தடவை. சிம்ஸுக்கு ‘மகளிர் மருத்துவத்தின் தந்தை’ என்று பட்டம் கொடுத்தார்கள், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை வைத்தார்கள். அந்தச் சிலையை அங்கிருந்து எடுத்தது 2018இல்! ஆக, அமெரிக்க அறுவை மருத்துவ வரலாற்றுக்குள் கறுப்பினப் பெண் மேசை மேலே கிடத்தப்பட்டவளாகத்தான் நுழைகிறாள். மூளை அறுவையில் அவளே கத்தி பிடித்து நிற்க அதற்குப் பிறகு 130 வருஷம் ஆனது.

கனடி 1950 நவம்பரில் மிச்சிகன் மாநிலம் லான்சிங்கில் பிறந்தவர். ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. அப்பா பல் மருத்துவர். அம்மா ஹார்ட்டென்ஸ் கல்வித்துறையில் இருந்தவர். பிற்பாடு டெல்டா சிக்மா தீட்டா என்கிற கறுப்பினப் பெண்கள் அமைப்புக்குத் தேசியத் தலைவராகவும் இருந்தார். வசதி வந்துட்டா சாதி தானா போயிடும், ‘கிரீமி லேயர்’ அப்படி இப்படின்னு நமக்குப் பாடம் எடுக்கிறவங்க அடுத்ததைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேக்கணும்.

அலெக்ஸா படித்த ஆரம்பப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகள் என்றால் அவரும் அவருடைய சகோதரரும் மட்டும்தான். அங்கே ஒரு ஆசிரியை, அலெக்ஸா தேர்வில் எடுத்த மதிப்பெண்ணை ஒரு வெள்ளைப் பிள்ளையின் பெயரில் போட்டுவிட்டு, அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணை அலெக்ஸா பெயரில் போட்டுவந்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது.

நாம எல்லாருமே ‘தகுதி, திறமை’ன்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சவங்க. அந்தச் சொல்லாடலுக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறது, அதை எழுதுகிற கை ஒன்று இருக்கிறது என்பதை நாம் பேசுவதில்லை. கறுப்புப் பிள்ளை படிக்கலேன்னு அந்த ஆசிரியை மார்க்கை மாத்தல. படிச்சிட்டான்னுதான் மாத்தினாங்க. அந்தப் பேனாவால் யாருக்குத் திறமை கூடியது, யாருக்குக் குறைந்தது? கூடின திறமையைச் சுமந்துகொண்டு அந்த வெள்ளைப் பிள்ளை எந்தக் கல்லூரி வாசலில் போய் நின்றிருக்குமோ, அங்கே யாரும் அதைப் பார்த்து ‘ஒதுக்கீடு’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகம். முதலில் கணிதம் எடுத்தார். நடுவில் தன்னால் முடியாது என்கிற எண்ணம் வந்து, படிப்பையே விட்டுவிடும் நிலைக்குப் போனார். சிறுபான்மை இன மாணவர்களுக்கு மருத்துவத்துறையை அறிமுகப்படுத்தும் ஒரு கோடைக்காலப் பயிற்சி பற்றி அவருடைய சகோதரர்தான் தகவல் சொன்னார். அதில் போய்ச் சேர்ந்த பிறகு மனசு மருத்துவத்துக்குத் திரும்பியது. இதைக் குறிச்சு வச்சுக்குங்க. அந்தப் பயிற்சியும் ஒரு தனி ஏற்பாடுதான். அது மட்டும் இல்லாமல் போயிருந்தால் இந்தப் பேச்சுக்கே வேலை இல்லை. 1971இல் விலங்கியலில் பட்டம். 1975இல் அதே பல்கலைக்கழகத்தில் சிறப்பு நிலையில் எம்.டி. அந்த நாட்டில் அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம். மூளை அறுவைக்குப் போகிறேன் என்றபோது ஆலோசனை சொல்ல வேண்டிய ஆசிரியர்களே வேண்டாம் என்று தடுத்தார்கள்.

1975இல் யேல் நியூ ஹேவன் மருத்துவமனைக்கு அறுவைப் பயிற்சி மருத்துவராகப் போகிறார். முதல் நாள். ஒரு நோயாளியைப் பார்க்கப் போகும்போது நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் கடந்து போகிறார். போகிற போக்கில் சொல்கிறார்: ஓ, நீங்கதான் எங்களுடைய புதிய சமவாய்ப்புப் பொட்டலமா!

பொட்டலம். எவ்வளவு கச்சிதமான சொல் பாருங்க. பொட்டலத்துக்கு உள்ளே என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாக்க வேண்டியதில்லை. மேலே ஒட்டியிருக்கிற சீட்டு போதும். கறுப்பினம், பெண் – ஒரே ஆளை எடுத்து இரண்டு கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்கிற நக்கலும் அதில் இருக்கிறது.

இது ஏதோ ஒரு தனி ஆளின் வாய்க்கொழுப்பு இல்லை. அந்த வருஷங்களில் அமெரிக்கா முழுக்க இதே பேச்சுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரியில் 100 இடங்களில் 16 இடம் சிறுபான்மை இனத்தவருக்கு. தனக்கு இடம் கிடைக்காததற்கு அந்த 16தான் காரணம் என்று ஆலன் பக்கி என்ற வெள்ளைக்காரர் வழக்குப் போட்டார். மீதி 84ஐப் பத்தி அவருக்கு வருத்தம் இல்லை. 1978இல் உச்ச நீதிமன்றம், எண் வைத்து ஒதுக்குவது செல்லாது, இனத்தையும் ஒரு அம்சமாகக் கணக்கில் எடுக்கலாம் என்றது. நமக்கு இது புதுசா? அதற்கு 27 வருஷம் முன்னாடியே, 1951இல், சண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணையை உடைத்தார்கள். அதுவும் மருத்துவக் கல்லூரி இடத்துக்காகத்தான். அந்த அம்மா கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை!

பக்கி வழக்கு நடந்த அதே வருஷங்களில் கனடி மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மூளை அறுவைப் பயிற்சியில் இருந்தார், 1976 முதல் 1981 வரை. 1984இல் அத்துறையின் தேசிய வாரியச் சான்றிதழ். மூளை அறுவை மருத்துவராவதில் எனக்கு இருந்த பெரிய சவால், அது நடக்கக்கூடியது என்று நானே நம்பியதுதான் என்று கனடி பின்னால் சொல்லியிருக்கிறார். ரெண்டாங் கிளாஸ்ல எடுத்த மார்க்கே நம்ம பேர்ல நிக்காத ஊர்ல நம்பிக்கை எப்படி வரும்?

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு இளம் டாக்டர் இருந்தார். நல்ல கை. ரத்தம் சிந்தாத கை என்று எங்களுக்குள் சொல்வோம். ஒரு நோயாளியின் சொந்தக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இவர் கோட்டால வந்தவரா சிஸ்டர்?” என்று மெதுவாகக் கேட்டார். என்கிட்டயே கேட்டார், நான் யாருன்னு தெரியாம! பணம் கொட்டி சீட்டு வாங்கி வந்தவங்களும் எங்க தியேட்டர்ல கத்தி பிடிச்சிருக்காங்க. அவங்க எந்த வழியா வந்தாங்கன்னு ஒருத்தரும் கேட்டதில்லை.

கனடி எடுத்துக்கொண்டது குழந்தைகளின் மூளை அறுவை. 1987இல் டெட்ராய்ட்டில் உள்ள மிச்சிகன் குழந்தைகள் மருத்துவமனையில் அந்தப் பிரிவுக்குத் தலைவரானார். 2001 வரை இருந்தார். டெட்ராய்ட் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்கிற, தொழிற்சாலைகள் மூடி நொடித்துப்போன நகரம். அவர் அதிகம் பார்த்தது மூளையில் நீர் கோத்த பிள்ளைகளை, பிறக்கும்போதே முதுகெலும்பில் கோளாறு உள்ள பிள்ளைகளை, அடிபட்டு வருகிற பிள்ளைகளை, மூளையில் கட்டி வந்த பிள்ளைகளை.

நீர் கோத்தல்னா என்னன்னு சொல்லிடறேன். நம்ம மூளையைச் சுத்தி, மூளைக்குள்ள இருக்கிற அறைகளில் ஒரு நீர் சுரந்துகிட்டே இருக்கு. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர். சுரக்கிற அளவுக்கு வடியணும். வழி அடைபட்டா உள்ளேயே தேங்கி, பச்சைப் பிள்ளைக்குத் தலை பெருக்கும், உச்சிக்குழி புடைக்கும், கண் கீழே இறங்கும். வைத்தியம் என்ன? மண்டையில் சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாயை உள்ளே விட்டு, தோலுக்கு அடியிலேயே காதுக்குப் பின்னால், கழுத்து, நெஞ்சு வழியாகக் கொண்டுபோய் வயிற்றுக்குள் வடிய விடுவது. ‘ஷண்ட்’ என்பார்கள். நடுவில் ஒரு வால்வு. அந்த வால்வை 1950களில் செய்து கொடுத்தவர் ஜான் ஹோல்ட்டர் என்ற பட்டறைத் தொழிலாளி. அவருடைய மகனுக்கே இந்த நோய். அதையும் மருத்துவர் யாரும் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்துவிடவில்லை.

ஷண்ட் வைத்ததோடு வேலை முடியாது. அடைத்துக்கொள்ளும், கிருமி பிடிக்கும், பிள்ளை வளர வளரக் குழாய் எட்டாமல் போகும். திரும்பத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும். ஸ்கேன் சரியாத்தான் இருக்கும். ஆனா பெத்தவ வந்து “புள்ள நேத்து மாதிரி இல்லீங்க”ம்பா. அதைக் காதில் வாங்குகிறவர்தான் இந்த வேலைக்கு லாயக்கு. கறுப்பினப் பெண்ணிடம் பிள்ளையைக் கொண்டுவருவார்களா என்கிற பயம் கனடிக்கு இருந்தது. நோயாளியை முன்னால் வைத்து வேலை செய்தார். கூட்டம் தானாக வந்தது.

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹார்வர்டு, வட கரோலினா வழக்குகளில், 1978இல் விட்டுவைத்ததையும் எடுத்துவிட்டது. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாதாம். பள்ளிப் பதிவேடுகளை யார் எழுதினார்கள் என்று அந்தத் தீர்ப்பு கேட்கவில்லை.

2001இல் வேலையை விட்டு, புளோரிடாவில் பென்சகோலா என்ற கடலோர ஊருக்கு ஓய்வெடுக்கப் போனார் கனடி. போய்ப் பார்த்தால் அந்த வட்டாரத்திலேயே குழந்தைகளுக்கான மூளை அறுவை மருத்துவர் ஒருவர்கூட இல்லை. மறுபடியும் கையுறையை மாட்டிக்கொண்டு, அந்த ஊர் மருத்துவமனையில் பகுதி நேரமாகப் பல வருஷம் பார்த்தார்.

நேரமாயிடுச்சுன்னு சீட்டு வந்திருக்கு. ஷண்ட் பத்திக் கேக்கணும்னா கேளுங்க, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.