இன்ஷியூரன்ஸும் பழுதுபார்த்த வண்டியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நன்னூலும் காரிகையும் சொல்லிக்கொடுக்கும் தமிழாசிரியன் மோட்டார் வண்டியைப்பற்றிப் பேச முன்வந்தமை உங்களிற் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். இன்று நம்மவருள் வண்டியில்லா வீடு அரிது. வாடகை வண்டி ஓட்டியே குடும்பம் நடத்துவோரும் நம் சங்கத்திற் பலர் உளர். விபத்தில் நசுங்கிய வண்டியை இன்ஷியூரன்ஸ் கம்பெனியார் செலவில் பழுதுபார்த்து வாங்கியபின், அவ்வேலை செம்மையாக இல்லையெனின் யாரைக் கேட்பது என்பது பலர்க்கு விளங்காதிருக்கின்றது. அதுபற்றியே சில கூற விழைகின்றேன்.

முதற்கண் இதன் நடைமுறையை அறிதல் வேண்டும். விபத்து நேர்ந்ததும் கம்பெனிக்குத் தெரிவிக்கின்றோம். சர்வேயர் வந்து சேதத்தை மதிப்பிடுகின்றார். 'கேஷ்லெஸ்' என்னும் ஏற்பாட்டின்படி, கம்பெனியாரோடு ஒப்பந்தங்கொண்ட பட்டறையில் வண்டியை விடுகின்றோம். பணம் கம்பெனியாரிடமிருந்து நேரே பட்டறைக்குச் சென்றுவிடுகின்றது. நம் கையினின்று செல்வன பெரும்பாலும் கட்டாயக் கழிவும் தேய்மானமுமே. சாதாரணப் பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் உறுப்புகளுக்கு 50 சதவீதமும், உலோக உறுப்புகளுக்கு வண்டியின் வயதிற்கேற்பவும் தேய்மானம் கழிப்பர், கண்ணாடிக்குக் கழிவில்லை.

இங்ஙனம் பணங்கொடுப்பவர் ஒருவர், வேலை செய்பவர் மற்றொருவர், வண்டிக்கு உடையவர் வேறொருவர் என மூவராதலே இடர்ப்பாட்டிற்கு மூலம். நாமே பணம் எண்ணிக் கொடுப்பின், பட்டறைக்காரர் நம் முகத்தைப் பார்த்து வேலை செய்வார். இங்கோ அவர் பார்ப்பது கம்பெனியின் முகத்தை. கம்பெனி பார்ப்பது பில்லின் தொகையை. வண்டியைப் பார்ப்பார் நம்மையன்றி யாருமிலர்.

எனக்கு நேர்ந்ததொன்றைக் கூறுகின்றேன். பட்டறையின் பெயரும் கம்பெனியின் பெயரும் இவ்விடத்து வேண்டா. லாரியொன்று பின்னின்று மோதியதில் என் காரின் டிக்கிக் கதவும் பம்பரும் நசுங்கின. பட்டறையினின்று வண்டியைப் பெறச் சென்ற நாளில், வேலை திருப்தி என்று அச்சிட்டதொரு தாளை நீட்டிக் கையொப்பம் கேட்டனர். "ஓட்டிச் சோதியாத நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அதன்மேல் எழுதியே கையொப்பமிட்டேன். பட்டறைக்காரர்க்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் அவ்வொரு வரியே பின்னர் எனக்குத் துணையாயிற்று. வெயிலில் நிறுத்திப் பார்த்தபொழுது கதவின் நிறம் ஏனையவற்றோடு ஒவ்வவில்லை. மழைநாளில் டிக்கியுள் நீர் புகுந்தது. பில்லிலோ 'புதுக்கதவு' என்று விலை போட்டிருந்தனர். உண்மையில் பழங்கதவையே தட்டி நிமிர்த்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருந்தனர்.

கேட்டதற்குப் பட்டறைக்காரர், "ஐயா, சர்வேயர் அனுமதித்தது இவ்வளவே" என்றார். கம்பெனியாரோ, "வேலையின் தரத்திற்குப் பட்டறையே பொறுப்பு, நாங்கள் பணம் கொடுத்தாயிற்று" என்றனர். வாய்ப்பேச்சை அத்துடன் நிறுத்தி, சர்வேயர் அறிக்கையின் நகல் வேண்டுமென்று எழுதினேன். அதில் புதுக்கதவுக்கே அனுமதியிருந்தது. அந்நகலையும் பில்லையும் படங்களையும் இணைத்துக் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு அனுப்பினேன். பொய்ப்பில் ஏமாற்றியது என்னை மாத்திரமன்று, கம்பெனியையும் என்று அவ்விடத்தார்க்கு அப்பொழுதுதான் உறைத்தது போலும்! இரண்டு திங்கள் கழிந்தபின் புதுக்கதவு வந்தது.

அங்ஙனம் தீராதவிடத்துச் செல்லுதற்கு இரண்டு வழிகள் உள. இன்ஷியூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் என்னும் நடுவர் ஒருவர் சென்னையில் இருக்கின்றார். கம்பெனிக்கு எழுதி ஒரு திங்களுள் விடை வாராவிடினும், வந்த விடை திருப்தியளியாவிடினும், ஓராண்டிற்குள் அவரிடம் முறையிடலாம், கட்டணமில்லை. ஆயின் அவர் விசாரிப்பது கம்பெனியை மாத்திரமே. பட்டறைக்காரரை அவர் அழைத்துக் கேளார். ஆதலின், மதிப்பீட்டில் குறைத்தார்கள், தொகையை மறுத்தார்கள் என்னும் வழக்கிற்கே அவ்வழி ஏற்றது.

வேலையே கெட்டதென்னும் வழக்கிற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே தக்கது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கம்பெனி, பட்டறை என்னும் இருவரையும் ஒரே மனுவில் எதிர்க்கட்சிகளாக்கலாம். அவர்கள் ஒருவரையொருவர் சுட்டி நழுவுதற்கு இடமிராது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்படின் கட்டணமில்லை; வக்கீல் வைத்தாக வேண்டுமென்ற கட்டாயமுமில்லை. இரண்டாண்டுக் கெடு உண்டு. ஒன்று நினைவிலிருத்துக: ஆணையத்தில் வழக்கு நிலுவையிலிருக்கும்பொழுது ஆம்பட்ஸ்மன் அதே முறையீட்டை ஏற்கமாட்டார்.

பெயிண்ட் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். சேஸிஸ் கோணினமையும், ஏர்பேக் மாற்றப்படாமையும் கண்ணுக்குத் தெரியா. ஸ்டியரிங் ஒருபக்கம் இழுத்தலும், டயர் ஓரமாகத் தேய்தலும், ஏர்பேக் விளக்கு அணையாமையும் அவற்றின் குறிகளாம். குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் இவற்றைப் பொறுத்துக்கொள்ளுதல் தகாது.

வாடகை வண்டி ஓட்டும் தம்பிமார் ஒரு வினா எழுப்புவர்: "வழக்கு முடியுமட்டும் வண்டியை நிறுத்தினால் சோற்றுக்கு என்ன செய்வது?" நியாயமான வினா. மறுபடி பழுதுபார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதற்குமுன் கம்பெனிக்கும் பட்டறைக்கும் ஸ்பீடு போஸ்டில் அறிவித்து, வந்து பார்க்க நாள் குறிக்கவேண்டும். உரிமம்பெற்ற வேறொரு சர்வேயரைக்கொண்டு எழுத்துமூலம் அறிக்கை பெற்று, தேதியிட்ட படங்கள் எடுத்து, கழற்றிய உறுப்புகளை வீட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். புதுப் பட்டறையின் பில்லும், வண்டி நின்ற நாட்களின் வருமானக் கணக்கும் மனுவோடு சேர்தல் வேண்டும்.

மனு எழுதப் பழக்கமில்லாதவர் தம் பாலிசியும் பில்லும் கொண்டு ஞாயிறு காலை என் இல்லத்திற்கு வரலாம். தமிழில் எழுதித்தர யான் இசைகின்றேன்.