ஆதிச்சநல்லூர் போகும் முன்



நவதிருப்பதி, திருச்செந்தூர் பயணத்தில் ஆதிச்சநல்லூருக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அது போதாது என்பது என் கட்சி.

தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் மேடு. 1876இல் ஜெர்மானியர் யாகோர் முதலில் தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது இரும்பு வாள்கள், வெண்கலச் சாடிகள், நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டங்கள் கிடைத்தன. 2004-05 அகழாய்வில் மட்டும் 150க்கு மேற்பட்ட தாழிகள். 2023இல் குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டுத் திறந்துவிட்டார்கள். நின்று குனிந்தால் தாழி தெரியும்.

பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்: காலடியில் இருப்பது இடுகாடு. மேட்டில் கிடக்கும் ஓட்டுத்துண்டு ஒன்றைக்கூடப் பையில் போட வேண்டாம்.

சாகாமல் சுருங்கிப்போன கிழவர்களைச் சோறு வைத்துத் தாழியில் உட்கார்த்தினார்கள் என்று நம் பாட்டிமார் கதை சொல்வார்கள். பல தாழிகளில் இருப்பது இறந்தபின் சேகரித்து வைத்த எலும்புகள். கூடவே நெல் உமியும் கிடைத்திருக்கிறது. செத்தவருக்குப் பசிக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். நாமும் படையல் போடுகிறோமே!

இதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். நம் புதுச்சேரியிலேயே முத்திரப்பாளையத்திலும் சுத்துக்கேணியிலும் பிரெஞ்சு அறிஞர் கசால் ஈமக்காடுகளைத் தோண்டி, அரிக்கமேட்டோடு சேர்த்து 1956இல் புத்தகமாக வெளியிட்டார். அரிக்கமேடு எல்லோருக்கும் தெரியும். மற்ற இரண்டின் பெயரை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இப்போது வில்லியனூர், பாகூர் பக்கமெல்லாம் மனை போடுகிறார்கள். ஜேசிபி வாளியில் பெரிய பானை வந்தால் என்ன நடக்கும்? வேலை நின்றுவிடுமே என்ற பயம், கூடவே சாமி குற்றம் என்ற பயம். உடைத்து மூடிவிடுவார்கள். சீனாவில் 1974இல் கிணறு வெட்டிய விவசாயிகளின் மண்வெட்டியில் சுடுமண் சிலைத் துண்டுகள் சிக்கின. அதிகாரிகளுக்குச் செய்தி போனது. சக்கரவர்த்தியின் சுடுமண் படையே வெளிவந்தது.

நீங்கள் மனை வாங்கியிருந்தால் மேஸ்திரியிடம் இன்றே சொல்லிவையுங்கள்: பானை தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்து, படம் எடு, கைவைக்காதே. உடனே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். மண்ணில் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

அரை மணியை இரண்டு மணி நேரமாக்கச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.