பிஞ்சுக் கைகளுக்குப் பொங்கல் விடுமுறையில் வண்ண வேலை

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று காலை முதல் பேசிவந்த இந்த முகாமில், குழந்தைகள் வண்ணம் தீட்டுவதைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பொங்கல் விடுமுறை நெருங்கிவிட்டது. அந்த நாட்களில் நம் வீட்டுச் சிறு குழந்தைகளின் கைகளுக்கு என்ன வேலை கொடுக்கப்போகிறோம் என்பது, நாம் யாவரும் சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயமே.

பல் போடாத கன்றை ஏரில் பூட்ட நம்மில் எவரும் சம்மதிப்பதில்லை. கழுத்து உறுதிப்படுமுன் நுகத்தடியை வைத்தால் மாடு கெட்டுவிடும் என்பதை நாம் அறிவோம். ஆனால் மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து, கோடு போட்ட நோட்டில் 'அ' எழுதச் சொல்கிறோம். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு கிடைக்கோடு, ஒரு நேர்க்கோடு ஆகிய நான்கும் அந்த ஓர் எழுத்தில் இருக்கின்றன. குழந்தை கோணலாக எழுதினால் விரல் முட்டியில் அடிக்கவும் செய்கிறோம். இது அறியாமையால் நடப்பதேயன்றி அன்பின்மையால் அன்று. ஆயினும் அடி அடிதான். எழுத்தென்றாலே அஞ்சும் குழந்தைகள் இவ்வாறுதான் உருவாகிறார்கள்.

மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. குழந்தை பிறக்கும்பொழுது அவை பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாக இறுகுகின்றன. கடைசி எலும்பு இறுகத் தொடங்க ஏறத்தாழ 9 முதல் 12 வயது ஆகிவிடுகிறது. இரண்டு வயதுக் குழந்தை, உலக்கையைப் பிடிப்பது போல் முழுக் கையாலும் குச்சியைப் பிடிக்கிறது. அசைவெல்லாம் தோளிலிருந்து வருகிறது. 3 வயதை ஒட்டி வட்டம் போட வருகிறது. 4 வயதில் கூட்டல் குறி வருகிறது. முக்கோணத்துக்கு 5 வயதாகிறது. பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து பிடிக்கும் எழுத்துப் பிடி, பெரும்பாலான குழந்தைகளுக்கு 4 முதல் 6 வயதுக்குள் அமைகிறது. சிலருக்கு முன்னே, சிலருக்குப் பின்னே.

அதுவரை கையைச் சும்மா வைத்திருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. அந்தக் கைக்கு ஏற்ற வேலை நம் வாசலிலேயே இருக்கிறது.

கோலப்பொடியை இரு விரல்களுக்கிடையே எடுத்து, இழை அறாமல் விடுவதைவிடச் சிறந்த விரற்பயிற்சி கிடைப்பது அரிது. சின்னஞ்சிறு குழந்தைக்கு இழை இழுக்க வராது. ஆகையால் தாய் பெரிய பூக்கோலமாகப் போட்டுவிட்டு, இதழ்களுக்குள் பொடியைத் தூவி நிரப்பும் வேலையைக் குழந்தைக்கு விடலாம். அரிசி மாவு, காவி, செங்கற்பொடி, சமையல் மஞ்சள் ஆகியவை போதும். கோட்டைத் தாண்டிச் சிந்தினால் சிந்தட்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெண் குழந்தைக்கு இவ்வேலையைத் தாய் பழக்கிவிடுகிறாள். ஆண் குழந்தையை எட்ட நிறுத்திவிடுகிறோம். பிற்பாடு, மகளின் எழுத்து முத்துப்போல் இருக்கிறது, மகனின் எழுத்து கோழி கிளறியது போல் இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். இதற்கு அது ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. எனினும் பையன்களையும் கோலத்தருகே உட்கார வைப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

அடுத்தது சுவர். நிமிர்ந்த சுவரில் தீட்டும்பொழுது தோள் உறுதி பெறுகிறது. மணிக்கட்டு பின்னோக்கி மடிந்து, எழுதுவதற்கு வேண்டிய நிலைக்குத் தானே வருகிறது. வேப்பங்குச்சியின் முனையை நசுக்கினால் தூரிகை ஆயிற்று. மிகச் சிறிய குழந்தைக்குக் குச்சியும் ஒரு கிண்ணம் தண்ணீரும் போதும். வெயில் பட்ட சுவரில் தண்ணீரால் தீட்டுவதும், அது உலர்ந்து மறைவதும், மீண்டும் தீட்டுவதுமாக ஒரு மணி நேரம் போய்விடும். செலவு காசுகூட இல்லை. மெழுகு வண்ணக் கட்டி வாங்குவோர், அதைச் சுண்டுவிரல் நீளத்துக்கும் குறைவாக ஒடித்துக் கொடுக்க வேண்டும். துண்டு சிறிதானால் முழுக் கையால் பற்ற முடியாது. விரல்கள் வேலைக்கு வந்தே தீரும். புதுக் கட்டியை ஒடிக்க மனம் வராதுதான்!

நிற்க. எச்சரிக்கை சிலவும் உண்டு. மாட்டுக் கொம்புக்குப் பூசும் எனாமல் வண்ணத்தைக் குழந்தையின் கையில் கொடுக்கலாகாது. 2017 நவம்பர் முதல் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்ட விதி இருக்கிறது. எனினும் பரணில் கிடக்கும் பழைய டப்பாவை எவர் சோதித்தார்? ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுப்பது. நீற்றிய சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். அதனருகே குழந்தை வேண்டாம். விலாசமில்லாத பளபளப்புப் பொடிகளையும் தவிர்ப்பது நலம். இடக்கையால் தீட்டும் குழந்தையை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். கையை மாற்றிக் கட்டாயப்படுத்துவதால் ஒரு பயனுமில்லை.

ஊராட்சிக்கு இதில் என்ன வேலை? அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியபொழுதே, உணவு, தடுப்பூசி ஆகியவற்றோடு பள்ளி முன்பருவக் கல்வியும் அதன் சேவைகளுள் ஒன்றாக இருந்தது. நாமோ அங்கன்வாடிச் சுவரில் யானை, மயில், ரயில் எல்லாம் கூலி கொடுத்து வரைந்துவைக்கிறோம். பார்க்க அழகுதான், ஆனால் அதில் குழந்தையின் கைக்கு வேலை எதுவும் இல்லை. அடுத்த முறை வெள்ளையடிக்கும்பொழுது, தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை ஒரு பக்கச் சுவரை வெறுமையாக விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். விடுமுறைக்கு முன்பே பணியாளருடன் பேசி, காவி, கரித்துண்டு, நசுக்கிய குச்சிகள் ஆகியவற்றைச் சேகரித்துவைக்கலாம். பாட்டிமார் இருவர் வந்து உட்கார்ந்தால் மேற்பார்வையும் ஆயிற்று.

பொங்கல் கழிந்த சில நாட்களில் ஜனவரி 26 வருகிறது. கிராம சபை கூடும் நாள். அன்று கூட்டத்துக்கு வருவோர் அந்தச் சுவரையும் பார்த்துவிட்டு வரட்டும். கோடுகள் கோணலாகவே இருக்கும். பெரியவர் எவரும் அவற்றைத் திருத்தாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மட்டும் உறுப்பினர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.