தவணையில் வந்த குதிரை



பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்களுள் தவணை கட்டாதவர் மிகச் சிலரே. வீட்டுக்கு வேண்டிய குளிர்சாதனப் பெட்டி முதல் பிள்ளைகளின் மிதிவண்டி வரை எல்லாமே இன்று தவணையில் வருகின்றன. ஆகவே, இம்முறையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் வாங்கும் பொருள் உயிருள்ளதாக இருந்துவிட்டால், தவணை முறையில் மறைந்துகிடக்கும் கேள்விகளெல்லாம் வெளியே வந்துவிடுகின்றன. மின்விசிறிக்கு வயிற்றுவலி வருவதில்லை, குதிரைக்கு வருகிறது. தில்லியில் எங்கள் குடியிருப்பையடுத்து வாழும் ஒருவர் தவணையில் குதிரை வாங்கிய வரலாற்றையே இன்று கூற விரும்புகிறோம். அதில் எங்கள் பிழையும் கலந்திருக்கிறது.

நாங்கள் இருவர். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர்களாகப் பணியாற்றுகிறோம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும் தாள்களை வரிக்கு வரி வாசிப்பதே எங்கள் பிழைப்பு. நாங்கள் குறிப்பிடும் நண்பரோ திருமண ஊர்வலங்களுக்குக் குதிரை கொடுப்பவர். வடநாட்டில் மணமகன் வெள்ளைப் பெட்டைக் குதிரையின் மீதேறிப் பெண் வீட்டுக்கு வருவது வழக்கமென்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அக்குதிரையை இந்தியில் 'கோடி' என்பர். நம் காதுக்கு அது நூறு லட்சம்போல் ஒலிக்கும். அந்த நண்பருக்கும் அவருடைய கோடி ஏறக்குறைய அவ்வளவு பெரிய செல்வந்தான்.

2023-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு மாலை அவர் எங்களிடம் வந்தார். ஐந்து வயது வெள்ளைக் குதிரை ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார். குதிரையின் வயதைப் பல்லில் அறியலாம். ஏறத்தாழ நான்கரை வயதில் கடைசிப் பால் முன்பற்கள் விழுந்து, ஐந்து வயதில் முன்பற்கள் யாவும் நிலைப்பற்களாக நிறைந்துவிடும். அதன் பிறகு அப்பற்களின் மேலுள்ள குழிகள் தேய்வதைக் கொண்டு கணக்கிடுவார்கள். நம் நண்பர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். கால்களைத் தூக்கிக் குளம்பைத் தட்டிப் பார்த்தார். நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்த்தார். குதிரையை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர், பத்திரத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு எழுத்து வாசனை குறைவு.

"பாபுஜி, கைப்பணம் போதவில்லை, தவணைக்குக் கொடுக்கிறார்கள். படித்த மனிதர்கள் இருவர் கையெழுத்திட வேண்டுமாம்" என்றார். நாங்கள் அலுவலகத்திலிருந்து களைத்து வந்திருந்தோம். அவரோடு வந்த ஆள் விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டோம். சாட்சிக் கையெழுத்துத்தானே என்பது எங்கள் நினைப்பு. நாள்தோறும் பிறருக்காக வாசிப்பவர்கள், அன்று நமக்கு வேண்டிய ஒருவருக்காக வாசிக்கவில்லை.

கணக்கு இதுதான். குதிரையின் விலை ரூபாய் 1,20,000. முன்பணம் 30,000. எஞ்சிய 90,000-க்கு மாதம் 6,500 வீதம் 18 தவணைகள். அதாவது 90,000-க்காகச் செலுத்த வேண்டியது 1,17,000. மேலதிகம் 27,000. ஆண்டுக்கு நூற்றுக்கு இருபது வட்டி என்று கடன்காரர் சொன்னார். மேலோட்டமாகப் பார்த்தால் கணக்குச் சரியே. ஆனால் முதல் மாதத்தில் மட்டுமே 90,000 ரூபாய் நம் கையில் இருக்கிறது. மாதந்தோறும் அசல் குறைந்து வர, கடைசி மாதத்தில் இருப்பது ஆறாயிரத்துச் சொச்சம்தான். வட்டியோ முதல்நாள் அசலுக்கே தொடர்ந்து போடப்படுகிறது. குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 35 ஆகிறது. தவணையில் எதை வாங்கினாலும் இந்த வேறுபாட்டை நேயர்கள் நினைவில் வைப்பது நன்று.

வட்டியினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. தவணை மாதந்தோறும் வரும். திருமணம் மாதந்தோறும் வருவதில்லை. ஆஷாட மாத வளர்பிறை ஏகாதசி முதல் கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசி வரையுள்ள நான்கு மாதங்களில் வடநாட்டில் பெரும்பாலோர் மணவினை நடத்துவதில்லை. 2023-ஆம் ஆண்டிலோ சிராவணத்தில் ஓர் அதிக மாதம் வந்தமையால், ஜூன் 29 முதல் நவம்பர் 23 வரை அந்த நான்கு மாதம் ஐந்து மாதமாக நீண்டது. ஊர்வலம் இல்லாத நாளிலும் குதிரை உண்ண வேண்டும். 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு உலர்தீவனக் கணக்கில் நாளொன்றுக்கு ஏழெட்டுக் கிலோ வேண்டும். அதன் மேல் லாடச் செலவு. மனிதன் ஏகாதசியன்று உபவாசம் இருக்கலாம். குதிரையை இருக்கச் சொல்ல முடியாது.

நம் நண்பர் தவணையைத் தவறவிடவில்லை. தவணைக்காகத் தீவனத்தில் கை வைத்தார். கடலையையும் பார்லியையும் குறைத்து, மழையில் நனைந்து மலிவாக வந்த கோதுமை வைக்கோலுக்குத் திடீரென மாற்றினார். குதிரையின் குடல் இத்தகைய மாற்றத்தைத் தாங்குவதில்லை. தீவனத்தைப் பல நாட்களில் சிறிது சிறிதாகவே மாற்ற வேண்டும். பூஞ்சை பிடித்த வைக்கோலோ ஒருபோதும் ஆகாது. மேலும், மாடு அசைபோடும், நாய் கக்கும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. வயிற்றில் கோளாறு நேர்ந்தால் அது வெளியேற வழியின்றி உள்ளேயே முற்றும். ஆகஸ்டு மாத இறுதியில் ஒரு நாள் இரவு குதிரை தரையில் புரண்டு, தன் விலாவைத் தானே திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். விடிவதற்குள் அது இறந்துவிட்டது.

அன்று வரை ஏழு தவணைகள் கட்டியிருந்தார். முன்பணத்தோடு சேர்த்து 75,500 ரூபாய் சென்றிருந்தது. மீதம் 11 தவணை, ரூபாய் 71,500. குதிரையே போனபின் தவணை எதற்கு என்று அவர் நினைத்தார். நாங்களும் அவ்வாறே நினைத்தோம். பத்து நாட்களில் கடிதம் வந்தது. அவருக்கு ஒன்று, எங்கள் இருவருக்கும் ஒவ்வொன்று. அப்போதுதான் பத்திரத்தை எடுத்து வாசித்தோம்.

எங்கள் கையெழுத்து சாட்சிக் கட்டத்தில் இல்லை. ஜாமீன்தார் கட்டத்தில் இருந்தது. ஜாமீன் என்ற சொல் இந்தியிலும் தமிழிலும் ஒன்றே. மொழி தெரியவில்லை என்று சொல்லவும் எங்களுக்கு வழியில்லை. சாட்சியானவர் கையெழுத்தைக் கண்டவர் மட்டுமே. ஜாமீன்தாரோ, வேறு ஏற்பாடு இல்லாவிடில், கடனாளி எவ்வளவுக்குப் பொறுப்போ அவ்வளவுக்கும் தாமும் பொறுப்பாவார் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு கூறுகிறது.

இரண்டாவதாக, நண்பர் 'கிஸ்தி'க்கு வாங்கியதாக நினைத்த குதிரை, பத்திரத்தில் 'கிராயா'வுக்கு, அதாவது வாடகைக்கு விடப்பட்டிருந்தது. கடைசித் தவணை கட்டும் வரை குதிரை கடன் கொடுத்தவருக்கே சொந்தம். இதனை வாடகைக் கொள்முதல் என்பர். நேர்விற்பனைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. குறிப்பிட்ட ஒரு பொருளை நிபந்தனையின்றி விற்றுவிட்டால், பணம் பிறகு கொடுப்பதாக இருந்தாலும் உடைமை ஒப்பந்தத்தின்போதே மாறுவது 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் பொதுவிதி. உடைமை யாரிடமோ நட்டமும் அவரிடம் என்பது அச்சட்டத்தின் மற்றொரு விதி. வாடகையிலோ உடைமை கொடுத்தவரிடமே நிற்கிறது. வாடகைக்கு எடுத்தவர் சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் பொருளைக் காப்பதுபோல் காத்திருந்தால், அப்பொருளின் அழிவுக்கு அவர் பொறுப்பல்லர். ஆனால் இவ்விதிகள் எல்லாம் 'வேறு ஒப்பந்தம் இல்லாதபோது' என்ற சொற்களுக்கு உட்பட்டவை. நம் பத்திரத்தின் ஒன்பதாம் வரி, குதிரை எக்காரணத்தால் இறந்தாலும் வாடகை முழுவதையும் எடுத்தவரே செலுத்த வேண்டும் என்றது. குதிரை உயிரோடிருக்கும் வரை உடைமை கடன்காரருக்கு. இறந்தபின் நட்டம் மட்டும் ஏழைக்கு. ஒரே குதிரைக்கு இரண்டு நியாயங்களை அந்த ஒரு வரி ஏற்படுத்தியிருந்தது.

வாடகைக் கொள்முதலுக்கென நாடாளுமன்றம் 1972-இல் ஒரு சட்டம் இயற்றியதுண்டு. அது நடைமுறைக்கு வராமலேயே 2005-இல் நீக்கப்பட்டது. ஆகையால் இன்று பெரும்பாலும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே இரு தரப்பாரையும் கட்டுப்படுத்துகிறது.

குதிரை இறந்தால் நட்டம் யாருக்கு என்பது பழைய கேள்வி. பாண்டிய நாட்டுக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் கப்பல்களில் குதிரைகள் வந்ததை வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் குறித்திருக்கிறார். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார் விலை. வழியில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலத்திலிருந்து விலை கொடுக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு என்று அவர் கூறுகிறார். பாண்டியனும் நட்டத்தைத் தானே ஏற்றான். ஆனால் அவன் அறிந்து ஏற்றான். அவனிடம் கருவூலம் இருந்தது. நம் நண்பரிடம் இருந்தது ஒரு காலி லாயம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வசதியற்றோர்க்குக் கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி கிடைக்கிறது. அவ்வுதவியைப் பெற்று, பேச்சுவார்த்தையில் 45,000 ரூபாய்க்கு விவகாரத்தைத் தீர்த்தோம். அதில் 30,000 எங்கள் இருவருடைய பங்கு. நண்பர் அதனை மாதம் ஆயிரமாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். வேண்டாமென்றோம். "குதிரையை நான் கொன்றேன், கையெழுத்தை நீங்கள் கொன்றீர்கள். பாதிப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், பாபுஜி" என்றார். பாதியைத் தீர்த்தபின்தான் நிறுத்தினார்.

2024-ஆம் ஆண்டு இறுதியில், திருமணக் காலம் தொடங்கியிருந்தபோது, வேறொருவரிடம் குதிரை பார்த்துவிட்டு மீண்டும் வந்தார். இம்முறை குதிரையைப் பற்றிப் பேசவில்லை. பத்திரத்தை எங்கள் கையில் கொடுத்து, விளக்கின் கீழ் எதிரே அமர்ந்தார். நாங்கள் ஒவ்வொரு வரியாக இந்தியில் உரக்க வாசித்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. நான்காம் வரியில் அவரே குறுக்கிட்டு, "இறந்துபோனால் என்ன என்று எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. எழுத வைத்தோம்.

அன்று எழுத வைத்தவை நான்கு. முதலாவது, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஒரே தொகையாக. இரண்டாவது, உடைமை எந்த நாளில் மாறும் என்பது. மூன்றாவது, இறப்பும் காப்பீடும். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் குதிரைக்கும் காப்பீடு வழங்குகின்றன. வயது, உடல்நலம், மதிப்பு ஆகியவற்றுக்குக் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். காப்பீட்டுத் தொகை முதலில் மீதக் கடனுக்குப் போய், எஞ்சியது வாங்கியவரைச் சேரும் என்று எழுதினோம். நான்காவது, திருமணமில்லாத மாதங்களில் தவணை இல்லை. அதனை ஈடுசெய்யத் திருமண மாதங்களில் தவணை கூடுதல். விற்றவர் முதலில் முகம் சுளித்தார். பட்டினிக் குதிரையால் அவருக்கும் பயனில்லை என்பதை எடுத்துச் சொன்னபின் இசைந்தார்.

வங்கியிலோ முறையான நிதி நிறுவனத்திலோ கடன் பெறுவோர்க்கு இன்று மற்றொரு துணையும் உண்டு. 2024 அக்டோபர் முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு, உண்மையான ஆண்டு வட்டி வீதமும் மற்றக் கட்டணங்களும் அடங்கிய முக்கிய விவரத்தாள் ஒன்றைக் கடனாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. 'புரியும் மொழியில்' என்ற சொற்களை நேயர்கள் தயங்காமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஊர் வேறு, மொழி வேறு என்ற கூச்சத்தால் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்திடுவது நம்மவர்களிடம் உள்ள வழக்கம். உடன் பணியாற்றுபவருக்காக, அடுத்த வீட்டுக்காரருக்காக, ஊர்க்காரர் என்ற ஒரே காரணத்துக்காக இடும் கையெழுத்துக்கும் இது பொருந்தும். உதவுவதை நிறுத்த வேண்டாம். வாசித்துவிட்டு உதவுவோம். நம்மைக் கேட்டவருக்கும் வாசித்துக் காட்டுவோம்.

அந்த இரண்டாவது குதிரை நலமாக இருக்கிறது. சென்ற மாதம் எங்கள் தெரு வழியே அது மணமகன் ஒருவரைச் சுமந்து சென்றது. மேளம், விளக்கு, ஆட்டம் யாவற்றுக்கும் நடுவே கடிவாளத்தைப் பிடித்து நடந்த நம் நண்பர், எங்கள் மாடியை நோக்கி ஒரு முறை கையை உயர்த்தினார். இன்னும் நான்கு தவணை மீதம்.