சிறு கைத்துப்பாக்கியில் தோட்டா சிக்கினால்

2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நமது விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் பெற்ற 25 மீட்டர் விரைவுச் சுடுதலில், இறுதிக் கட்டத்தில் 5 குண்டுகளை 4 விநாடிகளில் சுட வேண்டும். அதற்குள் ஒரு தோட்டா சிக்கினாலும் பல்லாண்டுப் பயிற்சி வீணாகக்கூடும்.

இதற்குரிய .22 அளவுத் தோட்டாவின் அடிவிளிம்பு புடைத்திருக்கும். சிக்கலுக்கு அவ்விளிம்பே பெரும்பாலும் காரணம். மாகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னே அமைய வேண்டும். பின்னே அமைந்தால் இரண்டும் கொளுவிக்கொள்ளும்.

வெற்றுக்கூடு வெளியேறாது நின்றால் முதலில் ஐயுற வேண்டியது அழுக்கையே. மாகசினைக் கழற்றி, தோட்டா அறை வெறுமையாயிருப்பதைக் கண்ணால் கண்ட பின்னரே துடைக்கத் தொடங்குங்கள். மெழுகும் ஈயமும் கரியும் அந்த அறையிலும், கூட்டை இழுக்கும் கொக்கியின் அடியிலும் படிந்திருக்கும். துடைத்த பின்னும் குறை நீடித்தால் வேறு வகைத் தோட்டாவை இட்டுப் பாருங்கள். வலுக்குன்றிய தோட்டா ஸ்லைடை முழுதும் பின்னே தள்ளாது. ஒரு மாகசினில் மட்டும் சிக்கினால் அதன் வாய் மடிப்பு கோணியிருக்கலாம். கொக்கியையும் சுருள்வில்லையும் மாற்றுவது தேர்ந்த கம்மியரின் வேலை.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையெனில், குழலை இலக்கு நோக்கியே 30 விநாடி வைத்திருங்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு. வெடியோசை மெலிந்து கேட்டாலோ, குழலுள் குண்டு தங்கியிருக்கலாம். அடுத்ததைச் சுடாதீர்கள்.

பதட்டத்தில் குழலைப் பிறர்பக்கம் திருப்புவதினும் போட்டியில் தோற்பது மேல்.